தண்ணீருக்கு முன் மூளை

வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் ஒவ்வொரு வட்டைக்கும், அதாவது வயல்வெளிக்கும், ஒரு வட்டவிதானை இருக்கிறார். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவதும் வரம்பு பார்ப்பதும் அவர் வேலை. ஆனால் தண்ணீர் திறக்கும் திகதியைச் சொல்ல மனித மூளையிலிருந்து ஆரம்பிப்பவர் உலகத்திலேயே எங்கள் விதானையார் ஒருவர்தான்.

சிறுபோக விதைப்புக் கூட்டத்துக்கு நான் குருக்கள்மடத்தில் படகேறி, வாவி கடந்து, வெயிலில் வெந்துபோய்ச் சேருவேன். எனக்கு வேண்டியது, என் வயலுக்குத் தண்ணீர் வரும் ஒரு திகதி. அவரோ வெண்கட்டியை எடுத்துப் பலகையில் வாய்க்கால் கீறுவார்.

"இது நரம்பு. இதுக்கு வரம்பு கட்டுற, கண்ணுக்குத் தெரியாத கலங்கள் மூளைக்குள்ள இரிக்கு. எண்ட மகளுக்குப் பிறக்கக்குள்ளயே பரம்பரை அலகில ஒரு துண்டு இல்ல. அதால அந்தக் கலங்கள் சரியா வரம்பு கட்டல்ல. செய்தி ஒழுகிப் போகுது, மூளை வேற மாதிரி வளருது, ஆக்களுக்குப் பயப்பிடத் தெரியல்ல."

"விதானையார், தண்ணி எப்ப?" என்று பின்வாங்கிலிருந்து கத்துவார் உழவு மெசின்காரர்.

"வரம்பில்லாம தண்ணி எதுக்குகா?"

மகளுக்கு ஒன்பது வயது. தெரியாத ஆளென்று அவளுக்கு யாருமே கிடையாது. மீன்காரர், லொத்தர்ச் சீட்டு விற்கிறவர், எல்லோரையும் கட்டிப்பிடிப்பாள். ஒருநாள் யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமாவடி வரை பஸ்ஸில் போய்விட்டாள். நல்லகாலம், நல்ல மனிதர், திருப்பிக் கொண்டுவந்து விட்டார். ஊர் தாயைத்தான் குற்றம் சொன்னது. "வளர்த்த லெச்சணம்" என்று முதலில் சொன்னதே மெசின்காரர்தான். அந்த மனிசி வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டா.

அன்று தொடங்கியதுதான் இந்தப் பிரசங்கம். கலியாண வீட்டில் சொன்னார். செத்த வீட்டில், பிரேதம் எடுக்குமுன், மணலில் கீறிக் காட்டினார். மகளைப் பார்த்து இந்த விளக்கத்தைச் சொன்ன டொக்டரையே, "அடுத்த போகத்துக்குள்ள அந்த வரம்பத் திருத்தேலாதா?" என்று குடைந்திருக்கிறார். இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது என்றாராம் டொக்டர். "அந்த ஆராய்ச்சிக்காரருக்கும் ஒரு கூட்டம் வைக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார் இவர்.

எனக்கு அலுத்துவிட்டது. சத்தியமாக அலுத்துவிட்டது.

இந்தமுறை கூட்டத்துக்குப் புதிய நீர்ப்பாசன அதிகாரி ஒருவர் வந்தார். விதானையாரின் மகள் ஓடிப்போய் அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"தாய் எங்க? பிள்ளையப் பழக்கேல்லையா?" என்றார் அவர், நெளிந்துகொண்டு.

விதானையார் வெண்கட்டியைத் தேடினார். அதற்குள் மெசின்காரர் எழும்பிவிட்டார்.

"ஐயா, தாயில பிழையில்ல. நரம்புக்கு வரம்பு கட்டுற கலங்கள்லதான் பிழை. நீங்க இரிங்க, நான் கீறிக் காட்டுறன்."

விதானையார் வெண்கட்டியை அவர் கையில் கொடுத்தார். பிறகு, முதன்முறையாக, ஒரே வரியில் தண்ணீர் திறக்கும் திகதியைச் சொன்னார். "அடுத்த கூட்டத்துக்கு எண்ட மனிசியும் வருவா" என்றும் சொன்னார்.

திரும்பிப் படகில் ஏறிய பிறகுதான் பார்க்கிறேன், திகதி எனக்கு நினைவில்லை. நான் விதானையாருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.