அம்முலுவுக்கு வந்த முகப் பொலிவு

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடவோலை போட்டு, தேர்தல் என்றால் என்ன என்று உலகத்துக்குக் காட்டிய ஊர் உத்திரமேரூர். அதற்குப் பிறகு உலகத்துக்குக் காட்ட அதனிடம் ஒன்றுமில்லை என்று சிலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சாலவாக்கம் சாலையில் 'மேரூர் மணம் இயற்கைச் சரும நல நிலையம்' திறக்கப்பட்ட அன்று அவர்கள் வாயடைத்துப் போனார்கள். காற்று திரும்பியதும் மூக்கையும் அடைத்துக்கொண்டார்கள்.

நிலையத்தின் விளம்பரப் பிரிவுத் தலைவன் என்ற முறையில் இந்த வரலாற்றைப் பதிவு செய்வது என் கடமை. அந்தப் பிரிவில் தலைவனைத் தவிர வேறு யாரும் இல்லை.

நிறுவனர் ராஜாராம் பரம்பரை நிலக்காரர். இதற்கு முன் பால் வியாபாரம் செய்தார். அவர் பாலில் தண்ணீர் கலக்கிறார் என்று ஊரில் ஒரு கட்சியும், தண்ணீரில் பால் கலக்கிறார் என்று மறு கட்சியும் இருந்தன. அந்த அவப்பெயர் அவரை அரித்தது. மாட்டுக் கொட்டகைக்கு ஏ.சி. பொருத்தி 'அரோமா ஹால்' என்று பெயர் சூட்டிய அன்றே சபதம் செய்தார்: இனி எதிலும் எதையும் கலப்பதில்லை.

சபதத்துக்குச் சோதனை சென்னையிலிருந்து வந்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண்மணி, "எலுமிச்சைத் தோல் எண்ணெய அப்படியே முகத்துல போடக் கூடாது சார். ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு ஒரு சொட்டு போதும். போட்டுட்டு வெயில்ல போகவே கூடாது" என்றார்.

ராஜாராமுக்குக் கண் சிவந்தது. "ஒரு கரண்டிக்கு ஒரு சொட்டா? நான் பால்ல கூட அவ்ளோ கலந்தது இல்லமா."

பெண்மணி அடுத்த பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டார். நிறுவனரின் மனைவி கனகா, கைப்பேசியில் வகுப்பு கேட்டே சான்றிதழ் வாங்கிய 'அரோமா தெரபிஸ்ட்'. அவர் எலுமிச்சை எண்ணெயோடு கிராம்பு எண்ணெயையும் ஊற்றினார். எண்ணெயும் எண்ணெயும் சேர்ந்தால் அது கலப்படம் ஆகாது, கல்யாணம்தான் என்று ராஜாராம் விளக்கம் அளித்தார். சீசாவில் 'பிரபாத ஒளி' என்று சீட்டு ஒட்டினோம். உள்ளே இருப்பது என்ன என்று எழுதவில்லை. வியாபார ரகசியம்.

முதல் 'பயனாளி'யாக அம்முலு தேர்வானாள். ஏரிக்கரையோர இருளர் குடியிருப்பிலிருந்து ராஜாராம் கழனிக்கு நடவுக்கு வருபவள். குறை சொல்ல முடியாத முகம். காலையில் வரப்பில் நிறுத்திப் படம் எடுத்தேன். கனகா தன் பொற்கரத்தாலேயே பூசினார்.

"எரியுதுமா."

"எரிஞ்சா அது வேல செய்யுதுன்னு அர்த்தம். நீயும் போய் உன் வேலய பாரு."

அம்முலு கழனியில் இறங்கிக் குனிந்தாள். மேலே ஒரு சூரியன், சேற்றுத் தண்ணீரில் இன்னொரு சூரியன், நடுவில் எங்கள் பிரபாத ஒளி. மாலைக்குள் கன்னம் கொப்பளித்தது. கொப்புளம் உடைந்து, கண் ரெப்பை வரை புண்ணாகிக் கறுத்தது. மூன்றாம் நாள் காலை அம்முலு, நாத்தனார் சிட்டம்மாளைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள்.

"கண்ணு தொறக்க முடியாம வீங்கிக்கினு கீது ஐயா. இன்னா பூசுன, எடுத்துக்கினு வான்னு ஆஸ்பத்திரில சொல்றாங்க. அந்த சீசாவ குடுங்க, காட்டிட்டு கொணாந்துர்றேன்."

"உள்ள கீற விஷம் வெளிய வருது, அம்முலு. இதுக்குப் பேரு டீடாக்ஸ்" என்றார் கனகா.

"விஷம் வெளிய இருந்துதாமா உள்ள போச்சி. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றாள் சிட்டம்மாள்.

இருவரையும் வெயிலில் காக்க வைத்துவிட்டு அவசரக் கூட்டம் கூடியது. மன அமைதிக்காக லாவெண்டர் புகை போடப்பட்டது. சீசாவைக் கொடுப்பது பழியை ஒப்புக்கொள்வதாகும், எனவே கொடுப்பதற்கில்லை என்று ஒருமனதாக முடிவாயிற்று. அடுத்த சிக்கல் என்னுடையது. பேருந்து நிலையத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும். 'பூசுவதற்கு முன்' படம் இருக்கிறது. 'பூசிய பின்' படத்துக்கு இந்த முகத்தை எப்படிப் போடுவது?

ராஜாராம் கண்ணை மூடிப் புகையை இழுத்தார். "இன்னாத்துக்குப் பேஜாரு? இப்ப கீற மூஞ்சிய 'முன்'னுன்னு போடு. அன்னிக்கு எடுத்தத 'பின்'னுன்னு போடு."

"பொய் ஆயிடாதா சார்?"

"ரெண்டும் அவ மூஞ்சிதான? எதுனா கலந்தனா? எடத்த தான மாத்துனேன்."

நான் எழுந்து நின்று கை தட்டினேன்.

ஃப்ளெக்ஸ் ஏறியது. கல்யாணத்துக்குப் பெண் வைத்திருந்த தாய்மார்கள் திரண்டு வந்தார்கள். அவர்கள் நலன் கருதி, கடைச் சீசாவில் தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் வாசனையும் மட்டும் ஊற்றினோம். நிறுவனரின் பால் அனுபவம் கைகொடுத்தது.

ஒரே ஓர் இடையூறு. ஆஸ்பத்திரிக்குப் பேருந்து ஏற அம்முலு அந்த ஃப்ளெக்ஸுக்கு அடியில்தான் நிற்க வேண்டியிருந்தது. கையில் எங்கள் சீசாவோடு வந்த ஓர் அம்மாள் அவளைப் பரிவோடு பார்த்தாள்.

"இன்னாம்மா, நீ இன்னும் பூசிக்க ஆரம்பிக்கலயா?"

"பூசுனதுதாங்க்கா இது."

அந்த அம்மாள் சீசாவை அவள் கையிலேயே திணித்துவிட்டு நகர்ந்தாள். அம்முலு அதை மருத்துவரிடம் காட்டியிருக்கிறாள். அவர் முகர்ந்து பார்த்து, "இது சும்மா தேங்கா எண்ணெய். இது இப்படிச் சுடாது. அன்னைக்குப் பூசினதக் கொண்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டாவது கூட்டம் கூடியது. தீர்மானத்தைக் குடியிருப்புக்கே போய் நான் படித்துக் காட்டினேன். "நிலையத்தின் 'முன்' முகம் பொது இடத்தில் நடமாடுவது வாடிக்கையாளரைக் குழப்புவதால், 'பின்' முகம் வந்து சேரும் வரை அம்முலு பேருந்து நிலையப் பக்கம் வரலாகாது."

ஈரத்துணியால் கண்ணை ஒற்றிக்கொண்டு அவள் கேட்டாள். "பலகையில கீற நல்ல மூஞ்சி யார்து சாரு?"

"உன்னுதுதான்."

"இன்னொண்ணு?"

"அதுவும் உன்னுதுதான். ஆனா இப்ப ரெண்டும் கம்பெனி படம்."

"ரெண்டு மூஞ்சியையும் நீங்களே வச்சிக்கங்க சாரு. அந்த மொத சீசாவ மட்டும் குடுங்க. கண்ணு பூடும்ன்றாங்க."

நியாயமான கோரிக்கை. உடனே நிறுவனரின் பார்வைக்குக் கொண்டுபோனேன். அதன் முற்பகுதியை நிலையம் ஏற்கெனவே நிறைவேற்றிவிட்டது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பிற்பகுதி பரிசீலனையில் இருக்கிறது.