பட்டாள வண்டியும் பஞ்சபாத்திரமும்

கரமனை, திருவனந்தபுரம்
வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி நாகேஸ்வரனுக்கு, அத்திம்பேர் சுந்தரராமன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்கா விஜயமும் சௌக்கியம். தஞ்சாவூரில் நீயும் சௌபாக்கியவதி திவ்யலட்சுமியும் அவ்விதமே இருக்கப் பிரார்த்திக்கிறேன். கடிதம் என்றால் இந்த வரிகளை எழுதித்தான் ஆகவேண்டும், எழுதிவிட்டேன். உள்ளபடி சொன்னால் இங்கே சௌக்கியம் கொஞ்சம் கம்மி. போனில் சொல்லக் கூடாதா என்பாய். இந்தத் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். மெதுவாகப் பேசினால் விஜயத்துக்குக் கேட்கும், உரக்கப் பேசினால் அடுத்த வீட்டுக்கும் கேட்கும். ஆகையால் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து, படித்துறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் அந்த லாரிதான். உன் அக்கா ஏதோ பழைய வண்டி வாங்கியிருக்கிறாள் என்ற மட்டில் உனக்குத் தெரியும். அது எப்படி வந்தது என்று தெரியாது. விழிஞ்ஞம் போகிற வழியில் பழைய இரும்புக் கடை ஒன்று இருக்கிறது. மாடிக்கு ஒரு இரும்பு ஏணி பார்க்கத்தான் இரண்டு பேரும் போனோம். ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தவளைத் திடீரென்று காணவில்லை. தேடிப்போனால் கடைக்குப் பின்னால், பட்டாளத்தார் ஏலம் விட்டு யார் யாரோ கைமாற்றிக் கடைசியில் அங்கே வந்து சேர்ந்த ஒரு பச்சை லாரியின் பானட் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எனக்கு அவள் நின்ற நிலை சரியாகப் படவில்லை, வெயிலில் தலை சுற்றுகிறதோ என்று ஓடிப்போய் சோடா வாங்கி வந்தேன். சோடாவை வாங்கிக் குடித்துவிட்டு, "என்னன்னா, இது அப்பா பட்டாளத்துல ஓட்டின ஒன் டன் லாரியாக்கும்" என்றாள். அதே வண்டியா என்று கேட்டேன். "அதே ஜாதி" என்றாள். ஏணி வாங்கவில்லை.

அடுத்த வாரம் லாரியை இன்னொரு லாரி கட்டி இழுத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. வாசலில் நின்றவர்கள் பந்தல் சாமான் வருகிறது என்று நினைத்து, யார் வீட்டில் கல்யாணம் என்று என்னையே கேட்டார்கள். தெருக்கோடியில் வீடு இடிந்து காலியாகக் கிடக்கிற மனையில் நிறுத்தினோம். மைதீன் என்று ஒரு மெக்கானிக், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், இங்கேயே பட்டறை வைத்திருக்கிறான். அவனைக் கூப்பிட்டுக் காட்டினோம். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாரே, ஒண்ணுக்கும் பேடிக்கண்டாம், பயப்படாதிய. எஞ்சின் உசிரோடதான் இருக்கு, பாடி மட்டுந்தான் செத்துப் போச்சு, கேட்டியளா?" என்றான். என்ன மாதிரி ஆறுதல் இது என்று நீயே சொல். அன்றைக்கு ஆரம்பித்த வேலை ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. இந்த ஊர் மழையில் இந்தப் பக்கம் துருவைச் சுரண்டினால் அந்தப் பக்கம் துரு பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவள், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக்கொண்டு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறாள், வெளியே தெரிவது கால் இரண்டும் மெட்டியும்தான். போகிற வருகிறவர்கள் அந்தக் காலிடம் சௌக்கியம் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

வீடு பட்ட பாட்டைக் கேள். துருவுக்குப் புளியை மிஞ்சி மருந்து கிடையாது என்று அவளே கண்டுபிடித்து, நட்டும் போல்ட்டுமாகப் பெரிய உருளியில் புளித்தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்திருந்தாள். நான் ரசம் என்று நினைத்துக் கரண்டி விட்டுச் சாதத்தில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். உப்பு மட்டும் கம்மி என்று சொன்னேன், சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது. இன்னொரு நாள் காலையில் சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்து பஞ்சபாத்திரத்தை எடுக்கிறேன், உள்ளே தண்ணீருக்குப் பதில் கட்டைவிரல் அளவில் கறுப்பாக ஒரு சாமான், மேலே பித்தளைத் தகடு. அதற்கு ரோட்டர் என்று பெயராம். அது இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி போகாதாம், தலைகீழாக நின்றாலும் வண்டி கிளம்பாதாம். "அதைப் பஞ்சபாத்திரத்தில் எதுக்குடி போட்டே?" என்று கேட்டால், "நீங்க தொடற பாத்திரத்தை வேற ஆரும் தொட மாட்டா, அதான்" என்கிறாள். அன்றைக்கு நான் ஜபித்த காயத்ரி யாரைப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

வண்டி ஓட ஆரம்பித்ததும் என்னைக் கிளீனர் ஆக்கிவிட்டாள். சர்க்கார் ஆபீஸில் கோப்பு பார்த்துப் பழகின கை இப்போது கதவைத் தட்டி "ரைட், ரைட்" சொல்கிறது. வெள்ளோட்டம் கல்லாறு வரைக்கும் போனோம். வழியெல்லாம் சினிமா ஷூட்டிங் என்று நினைத்து ஜனங்கள் கையை ஆட்ட, இவளும் ஆட்டிக்கொண்டு வருகிறாள். மலையடிவாரம் சேருவதற்குள் ரேடியேட்டர் கொதித்துப் புகை விட்டது. ஆற்றங்கரையில் நிறுத்தி, தயிர்சாதம் கொண்டுபோன தூக்கைக் கழுவி நான் தண்ணீர் மொண்டு மொண்டு வந்து ஊற்றினேன். அவள் பானட்டைத் திறந்து, கொக்கியைத் தள்ளி, மூடியைத் தூக்கி, அந்த ரோட்டரை உருவிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். இங்கே யாரடி வண்டியைத் திருடப் போகிறார்கள் என்று கேட்டேன்.

"பட்டாளத்துல வண்டியை நிறுத்தினா இதை எடுத்துப் பாக்கெட்டுல போட்டுண்டுடணும்னா. எதிராளி வந்து ஓட்டிண்டு போகப்படாதே. அப்பா லீவுல வந்தா எங்கிட்டப் பேசவே மாட்டார், பாத்துக்கோங்கோ. சும்மா சும்மா சட்டைப் பாக்கெட்டைத் தடவிப் பாத்துப்பார். நான் நெனைச்சிண்டிருந்தேன், எனக்குத்தான் என்னமோ கொண்டு வந்திருக்கார், தர மறந்துட்டார்னு. இந்த வண்டியப் பிரிச்சப்பறம்தான் தெரிஞ்சுது. பாவம், அவர் கை அதைத் தேடிண்டிருந்திருக்கு."

நாகு, நீ பிறந்தபோது உங்கள் அப்பா பென்ஷனோடு வந்துவிட்டார். உனக்குத் தெரிந்தவர் தினமும் வீட்டில் இருந்த அப்பா. அவளுக்குத் தெரிந்தவர் லீவில் வந்து போன அப்பா. அக்ரஹாரத்தில் பிறந்து பட்டாளத்துக்குப் போனதே அதிசயம், அதிலும் லாரி டிரைவராகப் போனார் என்று ஊரில் பேசின பேச்சையும் அவள்தான் கேட்டு வளர்ந்தாள். எனக்கு மனசை என்னவோ செய்தது. ஆற்றில் இறங்கி இன்னும் ஒரு தூக்கு தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினேன்.

இத்தோடு போயிருந்தால் நான் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் கோவில் உத்சவம். அன்னதானப் பந்தலுக்கு அந்தக் காலி மனை வேண்டும் என்றார்கள். நியாயம்தான். விஜயம் வண்டியை எடுத்தாள், தெருமுனையில் குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதே சமயம் சுவாமி புறப்பாடு. நாகஸ்வரக்காரர்கள் இடுக்கில் புகுந்து முன்னால் போய்விட்டார்கள், பல்லக்கு புகுமா? பல்லக்குத் தூக்கிகள் சுவாமியைத் தாங்குகட்டையில் நிறுத்திவிட்டு வந்து லாரியைத் தள்ளினார்கள். தள்ளின வேகத்தில் கிளம்பிவிட்டது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. "இப்ப நின்னா மறுபடி கிளம்பாதுன்னா!" என்று அவள் கத்துகிறாள். திருப்பவும் இடமில்லை. முன்னால் நாகஸ்வரம், நடுவில் நாங்கள், பின்னால் சுவாமி. இப்படியே நாலு தெருவும் சுற்றினோம். மேளச் சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வீடு பழக்க தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு கற்பூரம் காட்டுகிறார்கள், கண்ணைத் திறந்தால் சுவாமி இருக்க வேண்டிய இடத்தில் நான். கோவில் காரியங்களைப் பார்க்கிற எங்கள் தெருச் சமூகத்தின் காரியதரிசி ஜெயலக்ஷ்மி மாமி, புது வண்டிப் பூஜையாக்கும் என்று நினைத்துச் சிதறுகாயே உடைத்துவிட்டாள். உடைத்ததற்கு அப்புறம்தான் கோபம் வந்தது. "பகவானுக்கு முன்னாடி லாரி ஊர்வலம் போறதா? இது அடுக்குமா, சொல்லுங்கோ" என்று மறுநாள் கூட்டம் போட்டு, வண்டி இந்தத் தெருவில் இருக்கக் கூடாது என்று தீர்மானம் செய்துவிட்டார்கள்.

விஜயம் அசையவில்லை. கல்லாற்றில் ஷீனா என்று அவளிடம் படித்த பெண் டீக்கடை வைத்திருக்கிறாள், கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை தருகிறேன் என்றிருக்கிறாளாம். வண்டி அங்கே போனால் வாரத்தில் பாதி நாள் இவளும் அங்கேதான். நான் இங்கே யாரோடு பேசுவேன்? இந்த வயசில் எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, இதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வண்டியை விற்றுவிடேன் என்று கெஞ்சினேன். "நாகுவும் அப்பாவுக்குப் பிள்ளைதானே. அவன் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், குடுத்துடறேன்" என்றாள். ஆகவே நீ இந்தக் கடிதம் கண்டதும் போன் செய்து, விற்றுவிடு என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. கோயம்புத்தூரில் இப்படிப் பழைய வண்டிகள் சேர்க்கிற ஒருவரை விசாரித்து வைத்திருக்கிறேன், வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். நீ சொன்னால் தட்ட மாட்டாள். நான் சொன்னதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே.

மற்றபடி விசேஷமில்லை. திவ்யலட்சுமிக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்லு. இரண்டு பேரும் ஆரோக்கியத்தோடும் அமைதியோடும், முக்கியமாக வாகன யோகம் எதுவும் இல்லாமலும், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தைக் கோரும் அத்திம்பேர்,
சுந்தரராமன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, கோயம்புத்தூர்க்காரரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். விஜயம் சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. உன் வார்த்தைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. "நீங்க தனியா இருக்கப் பயப்படறேளேன்னா. போறும், குடுத்துடலாம்" என்று சொல்லி, வண்டியைக் கழுவித் துடைத்துக் குங்குமம் வைத்து, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். போகிறபோது இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், தலைப்பில் ஒன்றும் முடிந்திருக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை, நாகு. மேலே எழுதினது அவ்வளவையும் மறந்துவிடு. போன் செய்து, அப்பா வண்டியை விற்காதே என்று சொல், கண்டிப்பாகச் சொல். கல்லாற்றில் எனக்கும் ஒரு கட்டில் போட இடம் இருக்காதா? வந்தவர் காப்பி சாப்பிட்டு எழுந்ததிலிருந்து சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார், வண்டி கிளம்பவில்லை. மைதீன் பானட்டுக்குள் தலையை விட்டுத் தேடிவிட்டு இப்போது என் இடுப்பையே பார்க்கிறான். நான் வேஷ்டி மடியில் முடிந்திருப்பதன் மேலிருந்து இடது கையை எடுக்காமல் நின்றுகொண்டே இதை எழுதுகிறேன்.