டீக்கறைக்கும் மொழிபெயர்ப்பு உண்டு

நாமக்கல் மாவட்டத்திலேயே அடுத்தவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன ஒரே மனிதர் எங்கள் ‘உள்ளபடி’தான். சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டுமே தெரியும்.

திருச்செங்கோட்டில் கோர்ட்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடையில் மேஜை போட்டு, தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலமாக்கித் தருவார். கீழே ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

விசாவுக்காக ஒரு தம்பதி கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தார்கள். தாய்மாமன்கள், பங்காளிகள், சுற்றமும் நட்பும் என்று ஒன்பது பக்கம் வந்தது. கடைசி வரி: ‘வலது மூலையில் டீக்கறை, வட்டமாக, ஒன்று.’

“ஏனுங்க, கறையையுமா எழுதோணும்?”

“கறை இருக்குதுங்களா, இல்லீங்களா?”

“இருக்குதுங்க.”

“அப்புறமென்னங்க?”

சாட்சியின் வசவுகளை நாசூக்காக மாற்றச் சொன்ன வக்கீலிடம், “திட்டுனது அவருங்க, நானில்லீங்க” என்றார். அந்த வக்கீல் அதன்பிறகு எங்கள் கடைப்பக்கம் வரவில்லை. எனக்கும் எரிச்சல்தான்.

அப்போதுதான் வளர்மதி வந்தார். கணவர் போர்வெல் லாரி டிரைவர். வடக்கே ஒரு ஊரில் மாலை ஆறு மணிக்கு ஆளை இடித்துவிட்டு ஓடியதாக வழக்கு, நான்கு மாதமாக ஜெயில்.

“ஆறு மணிக்கு வண்டி தோட்டத்துல போர் போட்டுட்டு நின்னுச்சுங்க. வண்டி டைரியில எழுதியிருக்கேன்னு எங்க ஊட்டுக்காரரு சத்தியம் பண்றாருங்க. இங்கிலீசுல மாத்துன டைரியில அது இல்லவே இல்லைங்கறாங்க அந்தக் கோர்ட்டுல, சாமி.”

தமிழ் டைரியில் அந்த வரி இருந்தது. ஆனால் அடித்திருந்தது. ‘தண்ணீர் இல்லை’ என்ற வரியை அப்படியே விட்டால் அடுத்த போரும் வறண்டுபோகும் என்பது போர் போடும் ரிக் வண்டிக்காரர்களின் நம்பிக்கை. பதிவுக்கு எழுதுவார்கள், ராசிக்கு அடிப்பார்கள். முதலில் மொழிபெயர்த்த புண்ணியவான், அடித்த வரிதானே என்று விட்டுவிட்டார்.

உள்ளபடி விடவில்லை. ‘ஒரு கோட்டால் அடிக்கப்பட்ட வரி, படிக்க முடிகிறது: மாலை 6 மணி, 700 அடி, தண்ணீர் இல்லை. அருகில் தோட்டத்துச் சொந்தக்காரர் கையெழுத்து, அடிக்கப்படவில்லை.’

“ஏன் அடிச்சாங்கன்னும் ஒரு வரி சேருங்க” என்று நான் கெஞ்சினேன்.

“அதை வக்கீல் சொல்லோணுங்க. டைரி சொல்லலீங்களே.”

டிரைவருக்காக வாதாடிய வடக்கத்தி வக்கீல் அந்தக் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு தோட்டக்காரரைத் தேடிப்பிடித்தார். அவரும் வந்து சாட்சி சொன்னார். டிரைவர் விடுதலையாகி ஊர் வந்து சேர்ந்தார்.

மறுநாளே இருவரும் கடைக்கு வந்தார்கள். அந்த வடக்கத்தி வக்கீலுக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். வளர்மதி சொல்லச் சொல்ல உள்ளபடி ஆங்கிலத்தில் டைப் அடித்தார். பாதியில் வளர்மதி அழுதுவிட்டார். உள்ளபடி தலையைத் தூக்காமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டவர், பேனாவாலேயே கீழே இன்னொரு வரி சேர்த்து என்னிடம் நீட்டினார். படித்தேன்.

‘இந்தப் பக்கத்திலுள்ள ஈரம் மொழிபெயர்ப்பாளருடையது.’

வக்கீலுக்கு ஜெராக்ஸ் காப்பியைத்தான் அனுப்பினேன். ஒரிஜினல் இன்றைக்கும் என் கல்லாப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.