ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காக ஏறிய கம்ப்யூட்டர்

ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மாற்றுவது வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி என்றுதான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பீரோ இருந்த இடத்தில் பீரோ இருக்கும், சுவர் மட்டும் பளிச்சென்று ஆகிவிடும். இந்த அறிவோடு திண்டிவனத்தில் போட்டோ ஸ்டுடியோ வேறு நடத்திக்கொண்டிருந்தேன்.

என்னைத் திருத்த விழுப்புரத்திலிருந்து வந்தவர் 'ஸ்டாப்பிங்'. இந்த மாவட்டத்திலேயே கம்ப்யூட்டரைத் துளிகூட நம்பாத ஒரே கம்ப்யூட்டர் மெக்கானிக். பைபாஸில் போகிற பஸ்ஸில் ஏறமாட்டார். எல்லா ஊரிலும் நின்று வருகிற பஸ்தான். வேலையும் அப்படியே.

அப்போது கோட்டக்குப்பத்து மாப்பிள்ளை ஒருவரின் நிக்காஹ் ஆல்பம் என் கம்ப்யூட்டரில் பாதியில் நின்றது. வெள்ளிக்கிழமை அவர் துபாய்க்குத் திரும்புகிறார். அச்சடிக்கும் லேபில் கேட்ட சாஃப்ட்வேர் என் பழைய சிஸ்டத்தில் ஏறவில்லை. ஒரே அமுக்கில் புதுசுக்குப் போய்விடலாமே என்றேன்.

"உங்களுக்கு ஜல்தின்னா முன்னாடி போய்க்கினு இருங்க. நான் நின்னு நின்னுதான் வருவேன்."

முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்தார். எடுத்தால் மட்டும் போதாதாம். அதிலிருந்தே மணப்பெண் படத்தைத் திறந்து, கையில் மருதாணி தெரிகிறதா என்று என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். பிறகு டிஸ்க்கைப் பக்கத்தில் வேர்க்கடலை விற்கிற மல்லாட்டை மண்டியின் இரும்புப் பெட்டியில் பூட்ட வைத்தார். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் அது காப்பியே இல்லையாம்.

அதன்பிறகுதான் பழையதற்கும் புதுசுக்கும் நடுவில் இருந்த வெர்ஷனுக்கு ஏற்றினார். பிரிண்டர் ஓடுகிறதா, ஆல்பம் திறக்கிறதா என்று பார்த்தார். டீ குடித்தார். கம்ப்யூட்டரும் கொஞ்சம் ஆறட்டும் என்று என் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்தார். கடைசிக் கட்டத்தைத் தொடங்கிவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனார்.

திரை கறுத்தது.

மண்டியில் காப்பி பத்திரமாகத் தூங்குவது என் மூளைக்கு எட்டவே இல்லை. நேரே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"தம்பி, உங்க நிக்காஹ் மொத்தமா போயிடுச்சு."

"எங்கண்ணே போச்சு? அவ இங்கதான குந்திக்கினு இருக்கா."

ஸ்டாப்பிங் ஈரக் கையோடு வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணும் போவலீங்க தம்பி. நான்தான் அவருகிட்ட சொல்லாம ஆஃப் பண்ணிட்டேன், பாவம் பயந்துட்டாரு. வெள்ளிக்கெழமைக்கு முன்ன ஆல்பம் உங்க கைக்கு வந்துரும்."

வந்துவிட்டது. கம்ப்யூட்டர் அப்போது தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. அவர் எந்த ஸ்விட்சையும் தொடவே இல்லை.