மாப்பிள்ளை சொன்ன டீவி

பெண் பார்க்கப் போகிறவனுக்கு மூன்றே மூன்று வேலைகள்தான். கொடுத்த கேசரியைச் சாப்பிட வேண்டும், கேட்ட கேள்விக்குத் தலையாட்ட வேண்டும், மற்ற நேரமெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். முதல் இரண்டையும் நான் ஒரு குறையுமில்லாமல் செய்தேன். மூன்றாவதில் வழுக்கிவிட்டேன். அதனால் நாவலப்பிட்டியில் ஒரு வீடு ஏழு மாதம் டீவி இல்லாமல் கிடந்தது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வீடு அம்பிட்டியவில், வேலை கண்டி டவுனில். ஆபீஸ், கந்தோர் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பழுதான பிரிண்டர்களைத் திருத்துவேன். (திருத்துவது என்றால், பெரும்பாலும் உள்ளே சிக்கிய தாளை வெளியே இழுப்பது.) ஆனால் கல்யாணத் தரகர் மாரிமுத்து அண்ணன் பெண் வீட்டில் என்னைக் கம்பியூட்டர் இன்ஜினியர் என்று சொல்லிவைத்திருந்தார்.

"அண்ணே, அது பொய்யில்லையா?" என்று கேட்டேன்.

"பிரிண்டர் எங்க இருக்கு? கம்பியூட்டருக்குப் பக்கத்துலதானே? பேசாம வாங்க தம்பி" என்றார்.

பேசாமல்தான் போனேன். அங்கே போய்த்தான் பேசினேன்.

பெண்ணின் அப்பா சண்முகம் மாமா, ரயில்வேயில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் தர்ஷினி, பள்ளிக்கூட ஆசிரியை. அவள் தேநீர்த் தட்டோடு வந்து என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு பார்வையோடு என் புத்தி வேலைநிறுத்தம் செய்துவிட்டது. எப்படியாவது இந்த வீட்டில் நல்ல பேர் எடுத்தே ஆக வேண்டும் என்று துடித்தேன்.

மாமாவும் மரியாதைக்கு ஒரு பேச்சைத் தொடங்கினார். சுவரோரம் லேஸ் துணி விரித்த ஒரு டீவி ஸ்டாண்ட் வெறுமையாக நின்றது.

"பழைய டீவிய நேத்துத்தான் என் தம்பி வீட்டுக்குக் குடுத்தோம். நாளைக்கு நம்ம நிஸ்தார் நானா கடையில புதுசு ஒண்ணு எடுக்கிறோம். மாப்பிள்ளை இன்ஜினியர்தானே, எது நல்லதுன்னு சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்."

'எல்லாம் நல்லதுதான் மாமா' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அன்று காலை பஸ் கம்பளையைத் தாண்டும்போது நான் ஒரு யூடியூப் வீடியோ பார்த்துத் தொலைத்திருந்தேன். பேர் பெற்ற ஒரு போன் கம்பனி ஸ்மார்ட் டீவி செய்யப் போகிறதாம். ஆதாரம்? கறுப்புத் துணி போர்த்திய ஒரு பெட்டியின் படம், பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. பேசியவர் 'இது வெறும் ஊகம்தான்' என்று நான்கு தடவை சொன்னார். அந்த நான்கு தடவையும் டிரைவர் ஹோர்ன் அடித்திருக்க வேண்டும்.

"நாளைக்கு வாங்காதீங்க மாமா" என்றேன், கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து. "மூணு மாசம் பொறுங்க. அந்த போன் கம்பனி டீவி விடுது. அது வந்துச்சுன்னா இப்ப இருக்கிற டீவியெல்லாம் வெறும் பெட்டிதான்."

"அப்படி என்ன அதுல?" என்றார் மாமா, ஆர்வமாக.

வீடியோவில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. எனவே நானே சொந்தமாகச் சேர்த்தேன். "தமிழ்ல பேசினா கேக்கும் மாமா. நீங்க பாத்துக்கிட்டே தூங்கிட்டா, அதுவே பாத்து நின்னுடும்."

தர்ஷினியின் அம்மா, அதாவது அத்தை, சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அப்ப அது நம்மளப் பாத்துக்கிட்டே இருக்குமா?"

மாரிமுத்து அண்ணன் என் காலை மிதித்தார். எனக்கு உறைக்கவில்லை. மாமா அப்போதே நிஸ்தார் நானாவுக்கு போன் எடுத்து, "நானா, டீவிய நிப்பாட்டி வைங்க. மாப்பிள்ளை வேற சொல்லிட்டாரு" என்றார். 'மாப்பிள்ளை' என்று உரிமையோடு சொல்லிவிட்டாரே! கண்டிக்குத் திரும்பும்வரை நான் தரையில் நடக்கவில்லை.

சம்பந்தம் பேசி முடிந்தது. மூன்று மாதமும் முடிந்தது. டீவி மட்டும் வரவில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமா போன் எடுப்பார். "என்ன மாப்பிள்ளை, எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"செஞ்சு முடிச்சிட்டாங்களாம் மாமா. சோதிச்சுப் பாக்கிறாங்களாம்."

"சோதிக்கத்தான் வேணும். நாங்களும் புது இன்ஜின் வந்தா வெறும் பெட்டியோட ஓட்டிப் பாப்போம். ரயிலுக்குக் காத்திருந்து பழகினவன் மாப்பிள்ளை நான். லேட்டாகும், ஆனா வரும்."

பொய் சொல்ல நான் திணறும்போதெல்லாம் அதற்கு ஒரு காரணத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். பாவி நான், அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். ஐந்தாம் மாதம் நாவலப்பிட்டிக்குப் போனபோது டீவி ஸ்டாண்டில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி இருந்தது. அத்தை குடையோடு படியேறி வந்தார். சீரியல் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போய் வருகிறாராம். நாவலப்பிட்டி மழையைப் பற்றி உங்களுக்குத் தெரியாவிட்டால் அத்தையைக் கேளுங்கள்.

'தெரியாம சொல்லிட்டேன் மாமா, வேற வாங்குங்க' என்ற வாக்கியத்தைப் பஸ்ஸில் போகும்போது பத்துத் தடவை சொல்லிப் பார்ப்பேன். வீட்டு வாசலில் அது தொண்டையில் சிக்கிக்கொள்ளும். உண்மையைச் சொன்னால் டீவியோடு இன்ஜினியர் பட்டமும் போகும், பட்டத்தோடு தர்ஷினியும் போய்விடுவாள் என்று பயந்தேன். பிரிண்டரில் சிக்கியதை எடுக்கத் தெரிந்த எனக்கு இதை எடுக்கத் தெரியவில்லை.

ஏழாம் மாதம் நிச்சயதார்த்தம். பெண் வீட்டில் சனமோ சனம். எங்கள் அம்மா தாம்பூலத் தட்டோடு எழுந்து நிற்கிறார், எதிரே அத்தையும் தட்டோடு. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல்.

"எங்க இரிக்கிற அந்த டீவி மாப்பிள்ள?"

டீவிக் கடை நிஸ்தார் நானா. கையில் கேக் பெட்டி, முகத்தில் சிரிப்பு. ஆனால் ஏழு மாதத்து ஆதங்கத்தை அந்தச் சிரிப்பால் மறைக்க முடியவில்லை.

"மகன், ஒங்களப் பாக்கத்தான் ஓடி வந்த. இந்த ரோட்டுல ஒரு டீவியாச்சும் விலை போகல்ல. வாற ஆளெல்லாம் கடை வாசல்ல நிண்டு, 'சண்முகம் அண்ணன்ட மருமகன் சொன்ன டீவி வந்துட்டா?'ண்டு கேட்டுட்டுப் போற. அது எப்ப மகன் வாற?"

(சீரியல் பார்க்கப் போன வீட்டில் அத்தை காரணம் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டார் அடுத்த வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இப்படியே கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது.)

தட்டுகள் இரண்டும் அந்தரத்தில் நின்றன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாரிமுத்து அண்ணனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

அப்போது மாமா என் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார். "மாப்பிள்ளை, ரயில் வராதுன்னா ஸ்டேஷன்ல அறிவிச்சிடுவோம். அறிவிச்சாத்தான் சனம் வீட்டுக்குப் போகும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று அறிவித்தேன். "அந்த டீவி வராதுங்க. யாரோ வரும்னு ஊகமா சொன்னத நான் நிச்சயமா வருதுன்னு சொல்லிட்டேன். நான் இன்ஜினியரும் இல்ல. பிரிண்டர் திருத்துறவன். எல்லாரும் மன்னிச்சுக்குங்க."

பெண்ணின் தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டு, "அப்ப இன்ஜினியர்னு சொன்னதும் பொய்யா?" என்று ஆரம்பித்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

உள்ளே இருந்து தர்ஷினியின் குரல் வந்தது. "அது நல்லதுதான் மாமா. எங்க ஸ்கூல் பிரிண்டர் ரெண்டு மாசமாத் தாள் சிக்கிக் கெடக்கு. இன்ஜினியர் வந்தா அதத் தொடுவாரா?"

முதலில் சிரித்தது நிஸ்தார் நானா. அவர் சிரிக்க, சபை சிரிக்க, தாய்மாமனின் மீசையும் கொஞ்சம் அசைந்தது. அந்தச் சிரிப்புச் சத்தத்திலேயே தட்டு மாற்றினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவிடம் போய்த் தலை குனிந்து நின்றேன்.

"எனக்கு ரெண்டாம் மாசமே தெரியும் மாப்பிள்ளை. அது சும்மா ஊகம்னு தர்ஷினி போன்ல காட்டிட்டா" என்றார்.

"தெரிஞ்சுமா மாமா வாங்காம இருந்தீங்க?"

"நீங்க வருதுன்னு சொல்லி, நான் வேற ஒண்ண வாங்கி வச்சா, அப்புறம் இந்த வீட்டுல உங்க பேச்சுக்கு என்ன மரியாதை? வேணாம்னு சொன்ன வாயாலதான் வாங்குங்கன்னு வரணும்னு இருந்தேன்."

பின்னால் நின்ற அத்தை விடவில்லை. "மரியாதை அவருக்கு. மழையில நடந்தது நான்."

வாங்குங்க மாமா என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். மறுநாள் நிஸ்தார் நானா கடையில் நானே டீவி தெரிவு செய்து, நானே தூக்கி வந்து, நானே ஸ்டாண்டில் வைத்துப் பூட்டினேன். அத்தை தள்ளி நின்று, "இது நம்மளப் பாக்காதுதானே?" என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் முன்னால் வந்து உட்கார்ந்தார். அந்த வாரம் நானாவின் கடையில் நல்ல வியாபாரம். எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தவரும் அவர்தான்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருக்கிறோம். ஆனால் எங்கள் குடும்பத்தில் வரும் வரும் என்று சொல்லி வராத எதற்கும் 'மாப்பிள்ளை டீவி' என்றுதான் பேர். தண்ணீர் வராவிட்டால் மாப்பிள்ளை டீவி, சம்பள உயர்வு வராவிட்டால் மாப்பிள்ளை டீவி. 'இதோ வந்துட்டேன்' என்று நான் கண்டியிலிருந்து சொன்னால் என் மகளே, "அப்பா, மெய்யாவா, மாப்பிள்ளை டீவியா?" என்று கேட்கிறாள். ஸ்கூல் பிரிண்டரை இன்றும் நான்தான் பார்க்கிறேன்.

போன வாரம் பஸ்ஸில் வரும்போது போனைப் பார்த்தேன். அதே கம்பனி டீவி வெளியிட்டிருக்கிறது. துணி இல்லை, கேள்விக்குறி இல்லை, மெய்யான டீவி. உடனே மாமாவுக்கு போன் போட்டேன்.

"மாமா! அந்த டீவி வந்திருச்சு மாமா! இந்தத் தடவை சத்தியமா வந்திருச்சு!"

மாமா, முப்பது வருடம் ரயில்வேயில் இருந்தவரின் நிதானத்தோடு கேட்டார்.

"சந்தோஷம் மாப்பிள்ளை. எத்தனாம் பிளாட்பாரம்?"