மெஷினுக்கு விட்ட தேங்காயெண்ணெய்

மதிப்புக்குரிய கிளாட்வின் மச்சானுக்கு,

தூத்துக்குடியிலிருந்து எஸ்றா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உங்கள் தங்கை ஜெயஷீலாவும் சுகம். நீங்கள் இங்கே விட்டுப்போன மரம் அறுக்கும் மெஷினுக்குத்தான் சுகமில்லை.

அடுப்படிக் கதவு கோணல் என்று நான் சொல்ல, சுவர்தான் கோணல் என்று நீங்கள் சொல்ல, பாதி அறுத்த பலகையையும் மெஷினையும் அப்படியே போட்டுவிட்டுச் சாயர்புரம் பஸ் ஏறினீர்களே, அதிலிருந்து போனும் இல்லை, கதவும் இல்லை. பூனை மட்டும் சந்தோஷமாக வந்து மீன்சட்டியை விசாரித்துவிட்டுப் போகிறது. மீதியை நானே அறுக்கலாம் என்று சுவிட்சை அழுத்தினால் மெஷின் மூச்சே விடவில்லை. பிளக் பாயிண்டில் கோளாறோ என்று மிக்சியை மாட்டினேன். அது ஓடியது, சட்னியும் ஆயிற்று. வயரை மடக்கி நிமிர்த்திப் பார்த்தேன், சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன், எல்லாம் சரி. கடைசியில், மோட்டாருக்குள் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிற கார்பன் கட்டைகளைத் திறந்தால், இரண்டும் கார்பன் தூள் குழைந்த கறுப்புச் சேற்றில் ஒட்டிக்கொண்டு அந்தப் பாகத்தைத் தொடாமலே கிடந்தன. சேறு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். உப்புக்காற்றுக்குப் பயந்து பூட்டு, கத்தரிக்கோல், சைக்கிள் செயின் எல்லாவற்றுக்கும் சனிக்கிழமை தேங்காயெண்ணெய் விடுகிற வீடு இது. உங்கள் பொருள் துருப்பிடித்துவிடக் கூடாதே என்று அதற்கும் காற்றோட்டைகள் வழியாகத் தாராளமாக விட்டிருந்தேன்.

"தலைக்குத் தேய்க்க ஒரு சொட்டு இல்ல, மெஷின எண்ண தேச்சுக் குளிப்பாட்டுதியளோ? எங்க அண்ணன் இருந்தா இப்படி விடுவாவளா?" என்று உங்கள் தங்கை கேட்டாள். கேட்டுவிட்டுப் போய், நீங்கள் பாதி அறுத்த பலகையை முந்தானையால் துடைத்து வைத்தாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை, மச்சான். நல்ல மோட்டார், நல்ல கரண்ட். விரல்நுனி அளவுக் கார்பன் தொடாததால் எல்லாம் சும்மா கிடக்கிறது.

துடைத்துப் பார்த்துவிட்டேன், என் கைக்கு அடங்கவில்லை. வேலை இருந்தால் நீங்கள் வர வேண்டாம். ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். மதினிக்கு எங்கள் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்கள் கையின் பிரயாசங்களை ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
எஸ்றா

பி.கு.: ஸ்தோத்திரம் சொன்ன கையோடு பொய்யை அனுப்ப மனம் வரவில்லை. துடைத்து மாட்டியதும் மெஷின் நேற்றே ஓடிவிட்டது. ஓடினால் நீங்கள் வரக் காரணம் இருக்காதே என்று ஒரு கார்பனைக் கழற்றிச் சட்டைப்பையில் ஒளித்துவைத்தேன். இன்று துவைக்க எடுத்த சட்டையில் உங்கள் தங்கை அதைக் கண்டுபிடித்துவிட்டாள். திட்டு விழும் என்று நின்றேன். அவள் அதை மிளகு டப்பாவுக்குள் போட்டு இறுக்கி மூடி, "அண்ணன் வந்து கேட்டாத்தான் எடுத்துக் குடுப்பேன்" என்றாள்.