கண்ணாடிப் பெட்டிக்குள் ராவடி

எங்கள் கல்மண்டபம் பகுதியில் இதுவரை பிறந்தவர்களின் தற்பெருமை மொத்தத்தையும் ஒரே ஆளுக்குள் அடைத்தால், அவர்தான் எங்கள் தெரு ராவடி. துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மறுநாளே கவிஞரானவர். கவிதை சொல்ல ஆரம்பித்தால் ஆளை விடாமல் ராவி எடுப்பார் என்பதால் தெரு வைத்த பெயர் அது. அவர் கவிதையில் கடல் விம்மும், நிலா தும்மும். கேட்டவன் கதி அதோகதி.

உலகம் தன்னைக் கண்டுகொள்ளாததற்குக் காரணம் கவிதை அல்ல, தனக்கொரு நல்ல படம் இல்லாததுதான் என்று ஒருநாள் கண்டுபிடித்தார். செல்போனில் பரோக் பாணி எண்ணெய் ஓவியம் ஒன்றை என்னிடம் காட்டினார். யாரோ பழைய ஐரோப்பியக் கவிஞராம். பின்னால் கும்மிருட்டு, முகத்தில் ஒரு பக்க வெளிச்சம், கழுத்தைச் சுற்றி லேஸ் காலர்.

"எப்பிடி கீது பாரு நைனா. இந்த மாரி என்னை வரைஞ்சா, பாக்குறவன்லாம் கவிஞன்னு சொல்வான்."

"கவிதைய யாரும் படிக்கலியே?"

"படத்தப் பாத்தா படிப்பான்."

வரைவதற்குப் பிடித்த ஆள்தான் வினை. அவர் தேவாலயத் தேர்களுக்குப் புனிதர்களை வரையும் பெயிண்டர். கைப்பழக்கம் விடுமா? ராவடியின் முறுக்கு மீசையை அச்சாகக் கொண்டுவந்தார். கூடவே கண்களை வானத்துக்குத் தூக்கி, கையை நெஞ்சில் வைத்து, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் மாதிரி கொஞ்சம் மஞ்சளும் தடவிவிட்டார். ராவடி பூரித்துப் போனார்.

அவர் மனைவி பூரிக்கவில்லை. "வூட்ல ஒரு மூஞ்சியே பேஜாரா கீது. வெளிய மாட்டு."

உப்புக்காற்று படாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தெருப்பக்கச் சுவரில் மாட்டினார். அந்த வாரமே மெழுகுவத்தி வந்துவிட்டது. காசிமேட்டுக்குப் போகும் மீன்காரப் பெண்கள் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். ராவடி லுங்கியோடு ஓடிவந்து, "யம்மா, அது நான்தான், கவிஞன்" என்பார். "போ நைனா, சாமி விஷயத்துல வெளையாடாத" என்று போவார்கள். அதே போஸில் கண்களை மேலே தூக்கி, படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து பார்த்தார். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஒருநாள் காற்று சுழன்றடித்தது. விசைப்படகு ஒன்று கரை திரும்பவில்லை. அதில் போனவனின் மனைவி, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவள், அழுது வீங்கிய கண்ணோடு பெட்டி முன்னால் மண்டியிட்டாள்.

"அண்ணே, இவுரு எந்தப் புனிதரு? கடலுக்குப் போனவங்களக் காப்பாத்துவாரா?"

ராவடி எழுந்தார். 'அது நான்தான்' என்று ஆரம்பிக்கப் போகிறாரே என்று நான் பல்லைக் கடித்தேன்.

"அதுக்குன்னே கீறாரும்மா. நீ நல்லா கும்புடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது மேலுதடு மொழுக்கென்று இருந்தது. தினமும் எண்ணெய் போட்டு வளர்த்த மீசை. படத்தையும் தன்னையும் ஒப்பிட்டுப் பார்த்து அவள் நம்பிக்கை விட்டுவிடக் கூடாதாம்.

இன்ஜின் பழுதான படகை வேறொரு படகு மறுநாள் இழுத்துவந்தது. கணவனைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தவள், "நீங்களும் கும்புடுங்கண்ணே" என்றாள். ராவடி செருப்பைக் கழற்றிவிட்டு, தன் படத்தைத் தானே கைகூப்பிக் கும்பிட்டார்.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "வாங்க கவிஞரே, டீ சாப்பிடலாம்" என்றேன்.